காய்ச்சலில் பசி எங்கே போகிறது?

காய்ச்சல் வந்து படுத்திருப்பவரிடம் ஒரு தட்டுச் சோற்றை நீட்டிப் பாருங்கள். "வேண்டாம், வாயெல்லாம் கசக்கிறது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். மனிதருக்கு மட்டுமன்று, விலங்குகளுக்கும் இதே கதைதான். மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்பதை உழவர் முதலில் அறிவது, அது தீனி எடுக்காமல் நிற்பதைக் கொண்டுதான்.

யோசித்துப் பார்த்தால் இது விந்தையாக இல்லையா? உடலின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், உடல் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 10 முதல் 13 விழுக்காடு கூடுகிறது. 37 டிகிரியில் இருந்தவருக்கு 40 டிகிரிக் காய்ச்சல் வந்துவிட்டால், படுத்த படுக்கையில் இருக்கும்போதே அவர் உடல் வழக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றலைக் கூடுதலாகச் செலவிடுகிறது என்று பொருள். செலவு கூடும்போது வரவைக் கூட்டத்தானே வேண்டும்? உடலோ வரவை அடியோடு நிறுத்திவிடுகிறது!

'லங்கணம் பரம ஔஷதம்' என்று வைத்தியர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பட்டினி கிடப்பதே மேலான மருந்து என்பது அதன் பொருள். "சாப்பிடாமல் கிடந்தால் உடம்பில் தெம்பு எப்படி வரும்?" என்று கஞ்சிக் கிண்ணத்துடன் வந்து நிற்கும் பாட்டியையும் பார்த்திருப்பீர்கள். இந்த இருவரில் யார் சொல்வது சரி? கேள்வி எளியது. ஆனால் இதற்கு விடை தேடப் புகுந்த விஞ்ஞானிகள் வெள்ளணுவுக்குள்ளும், சர்க்கரைக்குள்ளும், கோழி முட்டைக்குள்ளும்கூட நுழைந்து பார்க்க வேண்டியதாயிற்று.

விழுங்கும் அணுக்கள்

நாம் உண்ணும் உணவு உடலுக்குள் பல்லாயிரம் வேதி வினைகளுக்கு உள்ளாகிறது. ஒரு பகுதி எரிந்து ஆற்றலாகிறது, ஒரு பகுதி உடலின் கட்டுமானப் பொருளாகிறது. இந்த வினைகள் அனைத்தையும் சேர்த்து 'வளர்சிதை மாற்றம்' என்கிறோம். நோய் எதிர்ப்பாற்றலைப் பற்றிய பாடம் உங்கள் புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கும், வளர்சிதை மாற்றம் வேறொரு பக்கம் இருக்கும். உடலுக்குள் இப்படிப் பாடப் பிரிவுகள் கிடையாது.

1882ஆம் ஆண்டு, இத்தாலி நாட்டின் மெஸ்ஸினா நகரில் தங்கியிருந்த ரஷ்ய விலங்கியல் அறிஞர் இல்யா மெச்னிகாவ், நட்சத்திர மீனின் இளம் உயிரி ஒன்றில் ரோஜா முட்களைக் குத்தி வைத்தார். கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் உடல் அதற்கு. மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நகரும் அணுக்கள் பல முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. அந்நியப் பொருளைத் தேடிச் சென்று விழுங்கும் அணுக்கள் உடலில் உண்டு என்ற கருத்து இங்கிருந்துதான் பிறந்தது. இதற்காக 1908இல் பால் எர்லிக் என்ற ஜெர்மானிய அறிஞருடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நம் இரத்தத்தில் இந்த வேலையைச் செய்பவற்றுள் எண்ணிக்கையில் மிகுந்தவை நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள். நலமாக இருக்கும் ஒருவரின் எலும்பு மஜ்ஜை நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்கி அனுப்புகிறது. திசுக்களுக்குள் தங்கியிருந்து காவல் காக்கும் பெரிய அணுக்களுக்கு மாக்ரோஃபேஜ் என்று பெயர். 'பெருந்தீனிக்காரன்' என்று தமிழில் சொன்னால் பொருத்தமாகவே இருக்கும்.

விழுங்குவது சரி. விழுங்கிய பின் பாக்டீரியாவை எப்படிக் கொல்கின்றன? வயிற்றில் உணவு செரிப்பதுபோல நொதிகள் கரைத்துவிடுகின்றன என்றுதான் நெடுங்காலம் எண்ணினார்கள். அது பாதி உண்மைதான்.

மூச்சு வாங்கும் வெள்ளணு

1930களின் தொடக்கத்தில் பால்ட்ரிஜ், ஜெரார்ட் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் நாயின் வெள்ளணுக்களுக்குப் பாக்டீரியாக்களைக் கொடுத்து, அவை எவ்வளவு ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கின்றன என்று அளந்தனர். விழுங்கத் தொடங்கியதும் ஆக்ஸிஜன் செலவு திடீரென்று உயர்ந்தது. ஓடி வந்தவன் மேல்மூச்சு வாங்குவதுபோல வெள்ளணுவும் மூச்சு வாங்குகிறது, விழுங்கும் வேலைக்கு ஆற்றல் தேவைப்படுகிறது, அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தனர்.

இந்த விளக்கம் தவறு என்பதற்கு ஒரு நஞ்சு சாட்சி சொன்னது. சயனைடு உயிரைப் பறிப்பது எவ்வாறு தெரியுமா? நம் அணுக்களில் உள்ள மைட்டோகாண்டிரியாக்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் உண்டாக்குவதை அது தடுத்துவிடுகிறது. 1959இல் ஸ்பாரா, கார்னாவ்ஸ்கி என்ற இருவர் வெள்ளணுக்களை வைத்துச் சோதனை செய்தபோது, சயனைடு இருந்தும் அந்தக் கூடுதல் மூச்சு நிற்கவில்லை. ஆக்ஸிஜன் இல்லாத இடத்திலும் அவை துகள்களை விழுங்கின. குளூக்கோஸ் சிதைவதைத் தடுத்தாலோ விழுங்கும் வேலை நின்றுபோயிற்று. அப்படியானால் விழுங்குவதற்கான ஆற்றல் குளூக்கோஸை ஆக்ஸிஜனின்றிச் சிதைப்பதிலிருந்து வருகிறது; அந்தப் பெரும் மூச்சு வேறு ஏதோ வேலைக்கு!

அந்த வேறு வேலை என்ன என்பது, ஒரு கொடிய நோயின் வழியே தெளிவாயிற்று.

1950களில் அமெரிக்க மருத்துவர்கள் சில சிறுவர்களைக் கண்டு திகைத்தனர். பிறந்த சில மாதங்களிலிருந்தே இவர்களுக்குச் சீழ்க்கட்டிகள் மாறி மாறி வந்தன. தோலில் ஆறினால் நிணக்கணுவில் வரும், அங்கே ஆறினால் ஈரலில் வரும். இரத்தத்தைச் சோதித்தால் வெள்ளணுக்கள் குறைவில்லை. எதிர்ப்பொருள்களும் குறைவில்லை. எனினும் அக்குழந்தைகள் வளர்ந்து ஆளாகாமலே மாண்டனர். 1957இல் மின்னசோட்டாவில் ராபர்ட் குட் முதலிய மருத்துவர்கள் இதைத் தனி நோயாகவே விவரித்தனர். பின்னர் இதற்கு 'நாள்பட்ட குருணைக்கட்டி நோய்' என்ற பொருளில் பெயர் அமைந்தது.

1967இல் மர்மம் விலகியது. இச்சிறுவர்களின் வெள்ளணுக்கள் பாக்டீரியாவை ஒழுங்காக விழுங்கின. ஆனால் உள்ளே போன பாக்டீரியா சாகவில்லை. அளந்து பார்த்தால், விழுங்கும்போது வர வேண்டிய அந்தப் பெருமூச்சு இவற்றில் வரவே இல்லை!

நடப்பது இதுதான். பாக்டீரியாவை விழுங்கிய வெள்ளணு, அதை அடைத்து வைத்திருக்கும் பையின் சுவரில் ஒரு நொதியை ஒன்றுகூட்டுகிறது. அந்த நொதி ஆக்ஸிஜனுக்கு ஓர் எலெக்ட்ரானை ஏற்றி, சூப்பராக்ஸைடு என்னும் துடிப்பான பொருளாக மாற்றுகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டாகிறது. புண்ணைக் கழுவும்போது நுரைக்கும் மருந்து இருக்கிறதே, அதே பொருள்தான். நியூட்ரோஃபில் அதோடு நிற்பதில்லை. மைலோபெராக்ஸிடேஸ் என்னும் இன்னொரு நொதியைக் கொண்டு, பெராக்ஸைடையும் நம் உப்பில் உள்ள குளோரைடையும் சேர்த்து ஹைப்போகுளோரஸ் அமிலம் தயாரிக்கிறது. குடிநீரில் குளோரின் கலக்கும்போது கிருமிகளைக் கொல்வதும் இந்த அமிலமே. நகராட்சி நீர்த்தொட்டியில் நடப்பது நம் வெள்ளணுவுக்குள்ளும் நடக்கிறது! இந்த நொதி பச்சை நிறமுடையது. 1941இல் இதைப் பிரித்தெடுத்த ஸ்வீடன் நாட்டு அறிஞர் அக்னர், இதற்கு முதலில் வைத்த பெயரே பச்சை நிறத்தைக் குறிப்பதுதான். சீழ் சில வேளை பச்சையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, ஆக்ஸிஜனுக்கு ஏற்றும் எலெக்ட்ரான் எங்கிருந்து வருகிறது? குளூக்கோஸிலிருந்து! குளூக்கோஸ் சிதையும் முக்கியப் பாதையிலிருந்து பிரியும் ஒரு கிளைப் பாதை உண்டு. அங்கே என்.ஏ.டி.பி.எச். என்னும் பொருள் உண்டாகிறது. எலெக்ட்ரானைச் சுமந்து வந்து கொடுப்பது அதுதான். அந்தக் கிளைப் பாதையின் முதல் நொதி மிக மிகக் குறைவாக உள்ள சிலருக்கு, மேற்சொன்ன சிறுவர்களுக்கு வந்ததைப் போன்ற நோயே வருகிறது. கொல்லும் கருவி முழுதாக இருந்தும், அதற்கு ஊட்ட வேண்டிய சர்க்கரை வழி அடைபட்டுப்போனால் பயனில்லை என்பது இதனால் விளங்கும்.

இந்த நோயில் இன்னொரு புதிர் உண்டு. இச்சிறுவர்களை ஸ்டெபிலோகாக்கஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் வாட்டுகின்றன. நிமோனியா உண்டாக்கும் நியூமோகாக்கஸோ இவர்களிடம் அவ்வளவு தொல்லை தருவதில்லை. ஏன்? நியூமோகாக்கஸ் தன் வளர்சிதை மாற்றத்தின் கழிவாகத் தானே ஹைட்ரஜன் பெராக்ஸைடை வெளியிடுகிறது. வெள்ளணுவிடம் இல்லாத ஆயுதத்தை எதிரியே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறான் என்பது விளக்கம். ஸ்டெபிலோகாக்கஸிடம் பெராக்ஸைடை அழிக்கும் கேட்டலேஸ் என்னும் நொதி உள்ளது. படிக்க அழகான விளக்கம்தான். ஆனால் முழுமையானது அன்று. கேட்டலேஸ் நீக்கப்பட்ட ஸ்டெபிலோகாக்கஸும் இக்குறை உள்ள சுண்டெலிகளைத் தாக்கவே செய்கிறது என்று பின்னர் கண்டார்கள்.

1986இல் இந்நோய்க்குக் காரணமான மரபணுக்களுள் முக்கியமான ஒன்று எக்ஸ் குரோமோசோமில் கண்டுபிடிக்கப்பட்டது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே இந்நோய் வந்ததன் காரணமும் அதனால் விளங்கிற்று. இன்று தடுப்பு மருந்துகளாலும் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையாலும் இக்குழந்தைகள் பலர் பெரியவர்களாகி வாழ்கிறார்கள்.

கல்யாண வீட்டு அடுப்பு

மாக்ரோஃபேஜின் கதை இன்னும் சுவையானது. ஒரு குளூக்கோஸ் மூலக்கூறை ஆக்ஸிஜனின் துணையுடன் முழுதும் எரித்தால், உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. ஏறத்தாழ 30 கிடைக்கும். ஆக்ஸிஜன் இன்றி அரைகுறையாகச் சிதைத்தால் 2 மட்டுமே கிடைக்கும். மாக்ரோஃபேஜ் அமைதியாக இருக்கும்போது முதல் வழியில் சிக்கனமாக வாழ்கிறது. பாக்டீரியா வந்துவிட்டது என்று தெரிந்ததும், ஆக்ஸிஜன் தாராளமாக இருந்தாலும்கூட இரண்டாம் வழிக்கு மாறிவிடுகிறது! குளூக்கோஸை அள்ளி அள்ளி இழுத்துச் சிதைத்து லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளுகிறது. புற்றுநோய் அணுக்களும் இப்படிச் செய்வதை 1920களிலேயே ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மானிய உயிர்வேதியியலார் கண்டிருந்தார்.

போர் தொடங்கும் நேரத்தில் இந்த ஊதாரித்தனம் எதற்கு? கல்யாண வீட்டைப் பாருங்கள். வீட்டுச் சமையலில் விறகை எண்ணி எண்ணி வைப்பவர்கூட, கல்யாணத்தன்று கோட்டை அடுப்பில் கட்டை கட்டையாகத் திணிப்பார். அன்று விறகுச் சிக்கனம் முக்கியமில்லை. பந்திக்குள் சாப்பாடு வந்தாக வேண்டும். குளூக்கோஸை அரைகுறையாகச் சிதைக்கும் வழி, ஏ.டி.பி.யைக் குறைவாகத் தந்தாலும் விரைவாகத் தருகிறது. தவிரவும், எல்லாவற்றையும் எரித்துச் சாம்பலாக்கிவிட்டால் கட்டுமானத்துக்கு என்ன மிஞ்சும்? மாக்ரோஃபேஜுக்குப் புதுப் புரதங்கள் வேண்டும், கொழுப்புகள் வேண்டும், எலெக்ட்ரான் சுமக்கும் என்.ஏ.டி.பி.எச். வேண்டும். அதனால் பாதி வழியிலேயே பொருள்களை எடுத்துக்கொள்கிறது.

இங்கே நீங்கள் படித்த, அல்லது படிக்கப்போகிற, கிரெப்ஸ் சுழற்சி வருகிறது. ஹான்ஸ் கிரெப்ஸ் 1937இல் கண்டுபிடித்த இச்சுழற்சியை மாணவர்கள் மனப்பாடம் செய்யத் திணறுவது வழக்கம். (அந்தக் கட்டுரையை அனுப்பியபோது 'நேச்சர்' இதழ் வெளியிடாமல் திருப்பி அனுப்பிவிட்டது. 1953இல் அதே வேலைக்கு நோபல் பரிசு வந்தது.) சிட்ரிக் அமிலத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக மாறி, மீண்டும் சிட்ரிக் அமிலத்துக்கே வந்து சேரும் சக்கரம் அது. பாக்டீரியாவைச் சந்தித்த மாக்ரோஃபேஜில் இந்தச் சக்கரம் இரண்டு இடங்களில் தடைபடுகிறது. தடைபட்ட இடங்களில் பொருள்கள் தேங்குகின்றன. பழுது என்று தோன்றுகிறது அல்லவா? அதுதான் இல்லை.

ஓரிடத்தில் தேங்குவது சக்சினிக் அமிலம். இதன் தேக்கம், இன்டர்லூக்கின்-1 என்ற புரதத்தை உண்டாக்கும்படி அணுவைத் தூண்டுகிறது என்று அயர்லாந்தின் டப்ளின் நகரில் லூக் ஓநீலின் ஆய்வுக் குழுவினர் 2013இல் காட்டினர். இந்த இன்டர்லூக்கின்-1தான் இரத்தத்தின் வழியே மூளைக்குச் செய்தி அனுப்பிக் காய்ச்சலை வரவழைப்பவற்றுள் ஒன்று. ஒரு நுண்ணிய அணுவுக்குள் சர்க்கரை எரியும் முறை மாறியதும், உடல் முழுவதும் கொதிக்கிறது!

இன்னோரிடத்தில், சிட்ரிக் அமிலத்திலிருந்து உண்டாகும் அகோனிடிக் அமிலம் சக்கரத்தைவிட்டு விலகி இடாகோனிக் அமிலமாகிறது. இந்த அமிலத்தை வேதியியலார் 19ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தனர். அகோனிடிக் என்ற பெயரின் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டுத்தான் இடாகோனிக் என்று பெயரே வைத்தார்கள். ஒருவகைப் பூஞ்சையைக் கொண்டு இதைத் தயாரித்துப் பிளாஸ்டிக் தொழிலில் பயன்படுத்துகிறார்கள். நம் உடலே இதைத் தயாரிக்கிறது என்பது மிக அண்மையில்தான் தெரிந்தது. எதற்காக என்பதை 2013இல் வெளியான ஓர் ஆய்வு சொல்லிற்று. காசநோய்க் கிருமியும் சால்மொனெல்லாவும் மாக்ரோஃபேஜுக்குள் ஒளிந்து வாழும்போது கொழுப்பைத் தின்று பிழைக்க ஒரு தனிக் குறுக்கு வழியை வைத்திருக்கின்றன. அந்த வழியின் நொதியில் போய் அடைத்துக்கொள்கிறது இடாகோனிக் அமிலம். எதிரியின் அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலை. ஆனால் கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. பிளேக் நோய்க் கிருமியும், புண்களில் வளரும் சூடோமோனாஸும் இந்த அமிலத்தையே சிதைத்துத் தின்னக் கற்றுக்கொண்டுள்ளன.

முட்டை ஏன் அழுகுவதில்லை?

அடை காக்கும் கோழியின் கீழ் முட்டை 21 நாள் இருக்கிறது. நல்ல சூடு, நிறைந்த ஈரம், உள்ளே முதல்தரச் சத்துணவு. பாக்டீரியாவுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்குமா? ஓட்டில் நுண்துளைகளும் உண்டு. எனினும் நல்ல முட்டை அழுகுவதில்லை. 1944இல் ஆர்தர் ஷேட், லியோனா காரலின் என்ற இருவர், வெள்ளைக்கருவில் பாக்டீரியா வளராததையும், அதில் இரும்புச் சத்தைச் சேர்த்துவிட்டால் வளரத் தொடங்குவதையும் கண்டனர். வெள்ளைக்கருவில் உள்ள ஒரு புரதம் இரும்பை இறுகப் பற்றிக்கொண்டு பாக்டீரியாவுக்குக் கிடைக்காமல் செய்கிறது. இரண்டே ஆண்டுகளில் அதே வகைப் புரதத்தை மனித இரத்தத்திலும் கண்டுவிட்டனர். அதுவே டிரான்ஸ்ஃபெரின்.

நோய் தொற்றியதும் நம் உடல் இந்தப் பூட்டை இன்னும் இறுக்குகிறது. ஈரலிலிருந்து ஹெப்சிடின் என்ற ஹார்மோன் புறப்படுகிறது. குடலிலிருந்து இரும்பு இரத்தத்துக்கு வருவதையும், மாக்ரோஃபேஜ்கள் தம்மிடமுள்ள இரும்பை வெளியிடுவதையும் அது தடுக்கிறது. சில மணி நேரத்தில் இரத்தத்தில் இரும்பின் அளவு சரிகிறது. நாள்பட்ட தொற்று உள்ளவர்களுக்குச் சோகை வருவதற்கு இதுவும் காரணம். கிருமியைப் பட்டினி போட நாம் தரும் விலை அது.

இப்போது தொடக்கத்துக் கேள்விக்கு வருவோம். கிருமிக்கு இரும்பை மறுக்கும் உடல், தனக்கே சோற்றையும் மறுப்பது ஏன்?

புகட்டினால் என்ன ஆகும்?

1979இல் முர்ரே என்னும் மருத்துவத் தம்பதியர் ஒரு நேரடியான சோதனை செய்தனர். லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினர். சுண்டெலிகள் உணவைக் குறைத்துக்கொண்டன. அவற்றுள் ஒரு பகுதிக்குக் குழாய் வழியாக வழக்கமான அளவு உணவைப் புகட்டினர். நன்றாகத் தேற வேண்டிய அவைதாம் அதிகமாகவும் விரைவாகவும் இறந்தன! பசியின்மை நோயின் தீங்கு அன்று, உடலின் தற்காப்பாக இருக்கலாம் என்று அவர்கள் எழுதினர். அப்போது அதைப் பலர் பொருட்படுத்தவில்லை.

37 ஆண்டுகள் கழித்து, 2016இல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ருஸ்லான் மெட்ஷிடாவின் குழுவினர் இதை மீண்டும் கையில் எடுத்தனர். உணவில் எது கொல்கிறது என்று பிரித்துப் பார்த்தபோது, புரதமன்று, கொழுப்பன்று, குளூக்கோஸே என்று தெரிந்தது. குளூக்கோஸ் பயன்படுவதைத் தடுக்கும் ஒரு வேதிப்பொருளைக் கொடுத்ததும் சுண்டெலிகள் பிழைத்தன. பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கிடைத்துப் பெருகிவிட்டதுதான் காரணம் என்று நீங்கள் ஊகிப்பீர்கள். யாரும் அப்படித்தான் ஊகிப்பார்கள். எண்ணிப் பார்த்தால் இரு கூட்டத்திலும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஒன்றேபோல இருந்தது! வேறுபாடு சுண்டெலியின் மூளையில் இருந்தது. பட்டினி கிடக்கும்போது ஈரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் என்ற எரிபொருளை உண்டாக்கி அனுப்புகிறது. வெள்ளணுக்கள் கிருமியின்மீது வீசும் துடிப்பான ஆக்ஸிஜன் பொருள்கள் சொந்த உடலையும் சுடும் அல்லவா? அந்தச் சூட்டைத் தாங்க நரம்பணுக்களுக்குக் கீட்டோன்கள் துணை நிற்கின்றன. குளூக்கோஸைப் புகட்டினால் கீட்டோன் உற்பத்தி நின்றுவிடுகிறது.

அப்படியானால் 'லங்கணம்' வென்றது என்று முடிவு செய்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். அதே குழுவினர் இன்ஃபுளுயன்சா வைரஸ் தொற்றிய சுண்டெலிகளிலும் இதைச் செய்து பார்த்தனர். அங்கே முடிவு தலைகீழாக வந்தது. உணவு கொடுத்தவை நன்றாகப் பிழைத்தன. குளூக்கோஸைத் தடுத்தவை மடிந்தன.

பாக்டீரியாவுக்குப் பட்டினி, வைரஸுக்குச் சாப்பாடு என்று சூத்திரம் எழுதவும் முடியாது. 2017இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிலையத்தில் ஜெனெல் ஏர்ஸின் குழுவினர், சால்மொனெல்லா என்ற குடல் பாக்டீரியாவை ஆராய்ந்தனர். இதுவும் பாக்டீரியாதான். ஆனால் இது தொற்றிய சுண்டெலி பசியை இழந்தால், குடலில் உள்ள கிருமி கொடூரமாக மாறி உடலுக்குள் பாய்கிறது. உணவு உண்டால் குடலோடு நின்றுவிடுகிறது. இதைவிட வியப்பு என்னவென்றால், சால்மொனெல்லாவே ஒரு புரதத்தை உண்டாக்கி, குடலிலிருந்து மூளைக்குப் போகும் 'பசி வேண்டாம்' என்ற செய்தியைத் தடுத்துவிடுகிறது! சுண்டெலி தொடர்ந்து தின்கிறது, நீண்ட நாள் வாழ்கிறது, மலத்தின் வழியே கிருமியைப் பரப்பிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் செத்தால் குடியிருப்பவனுக்கும் வீடில்லை என்பதைக் கிருமியும் 'அறிந்து' வைத்திருக்கிறது.

சுண்டெலி மனிதனன்று

சுண்டெலிக்குக் கண்டதை அப்படியே நமக்குப் பொருத்தக் கூடாது. சின்னஞ்சிறு உடல் கொண்ட சுண்டெலி ஒரு நாள் பட்டினி கிடப்பதும் நாம் ஒரு நாள் பட்டினி கிடப்பதும் ஒன்றாகா. மனிதரிடம் செய்த பெரிய சோதனைகள் சிலவே. பெல்ஜியத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 4,640 நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. குழாய் வழி உணவு போதாதபோது இரத்தக் குழாய் வழியாக ஊட்டம் செலுத்துவதை, ஒரு சாராருக்கு முதல் இரண்டு நாளிலும், மறுசாராருக்கு எட்டாம் நாளுக்குப் பின்னரும் தொடங்கினர். தாமதமாகப் பெற்றவர்களிடம் தொற்று நோய்கள் குறைவாக இருந்தன; அவர்கள் சற்று முன்னதாகவே தேறினர். இறந்தவர் விகிதத்தில் வேறுபாடு இல்லை. கடும் நோயின் முதல் நாள்களில் வற்புறுத்தி ஊட்டுவதால் நன்மை இல்லை என்ற அளவுக்கு இதைக் கொள்ளலாம். உணவே வேண்டாம் என்று கொள்ள முடியாது. குழந்தைகள், முதியோர், நீரிழிவுக்கு மருந்து உண்போர் ஆகியோரைக் காய்ச்சலின்போது பட்டினி போடுவது ஆபத்து. நீரும் கஞ்சியும் எல்லோருக்கும் வேண்டும். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்கு உணவை நிறுத்தவே கூடாது என்பது மருத்துவர்களின் உறுதியான அறிவுரை.

சர்க்கரை வேறு வழியிலும் குறுக்கிடுகிறது. நலமுள்ளவரின் இரத்தத்தில் எந்த நேரத்திலும் ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக் குளூக்கோஸே இருக்கும். நீரிழிவில் இந்த அளவு கட்டுமீறுகிறது. சர்க்கரை நிறைய இருப்பதால் வெள்ளணுக்கள் வலுப்பெறும் என்று எண்ணிவிட வேண்டாம். நகர்வது, விழுங்குவது, கொல்வது ஆகிய எல்லாமே அவற்றுக்குத் தளர்ந்துபோகின்றன. காலில் பட்ட சிறு காயம் ஆறாமல் புரையோடுவது இதனாலும்தான். நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. தமிழ்நாட்டில் காசநோயாளிகளிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது.

காசநோயோ நாள் கணக்கில் முடிவதன்று. மாதக் கணக்கில் உடலைத் தின்பது. சில நாள் பசியின்மை காப்பாகலாம். ஆண்டுக்கணக்கான அரைப் பட்டினியோ வெள்ளணுக்களின் உற்பத்தியையே குறைத்துவிடும். ஜார்க்கண்ட் மாநிலத்தில் காசநோயாளிகளின் குடும்பங்களில் நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2023இல் வெளிவந்தது. நோயாளியுடன் ஒரே வீட்டில் வாழும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரு பிரிவாக்கினர். நோயாளிக்கு உணவுப் பொருள்கள் இரு பிரிவிலும் உண்டு. ஒரு பிரிவில் மட்டும் குடும்பத்தாருக்கும் மாதந்தோறும் ஆளுக்கு 5 கிலோ அரிசியும், ஒன்றரைக் கிலோ பருப்பும், வைட்டமின் மாத்திரைகளும் கொடுத்தனர். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வந்தவர்கள், மற்றப் பிரிவைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவு.